நாற்காலிகள் பெருகும் ஸஃப்புகள்

நம் மஹல்லாப் பள்ளிவாசல்களில் ஒரு காலத்தில் நாற்காலி என்பது ஓரத்தில் ஒன்றோ இரண்டோ கிடக்கும். தள்ளாத வயதில் கைத்தடியுடன் வரும் பெரியவர்களுக்கு அது உரியது என்று சிறுவர்களுக்கும் தெரியும். இன்று ஸஃப்பின் இரு முனைகளிலும் நாற்காலிகள் நிற்கின்றன. சில பள்ளிகளில் நிர்வாகத்தினரே நீளமான பெஞ்சு செய்து போட்டுவிட்டனர். அவற்றில் அமர்ந்து தொழுவோரில் தாடி நரைக்காதவர்களும் இருக்கின்றனர்.

நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையை நாம் குறை கூறவில்லை. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரீயில் காண்கிறோம். விபத்தில் கால் முறிந்தவரும், மூட்டுவாதத்தால் துன்புறுபவரும், முதுமையால் தளர்ந்தவரும் நாற்காலியில் அமர்வதை விமர்சிக்க எவருக்கும் உரிமையில்லை. நம் கேள்வி வேறு. ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் வளைய வேண்டிய முழங்கால்களை நாற்பது வயதிலேயே வளையவிடாமல் செய்தது எது?

‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்று பெருமூச்சுடன் சொல்லிவிட்டு, அடுத்த வலீமாவில் மூன்றாவது முறையாகச் சோறு வாங்குபவரிடம் நாம் கேட்க விரும்புவது இதைத்தான்.

நம் விருந்துகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். சீரகச் சம்பா பிரியாணி, அதன்மேல் பொரித்த கோழி, பக்கத்தில் தால்ச்சா, முடிவில் நெய் மிதக்கும் பிரெட் அல்வா. அதற்கும் மேல் ஐஸ்கிரீம். இத்தனையிலும் காய்கறி என்று சொல்லத்தக்கது தால்ச்சாவுக்குள் மூழ்கிய கத்தரிக்காய் மட்டுமே. வெங்காயப் பச்சடியைக் கணக்கில் சேர்த்தால் இரண்டு. கீரை, அவரை, புடலை என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள், ‘யாருக்கு உடம்பு சரியில்லை?’ என்று கேட்கும் நிலைக்கு அவர்களை வளர்த்து வைத்திருக்கிறோம். விருந்தினர் ‘போதும்’ என்று கையால் மறைத்த பிறகும் தட்டில் கறியைத் தள்ளுவதற்கு உபசரிப்பு என்று பெயர். ஹள்ரத்மார்களுக்கு இது இரட்டிப்பாக நடக்கும். மறுத்தால் வீட்டார் மனம் வருந்துவார்கள்.

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை நாம் எத்தனையோ முறை ஓதுகிறோம். தொழுமிடத்துக்கு அலங்காரத்துடன் வருமாறு ஏவுகின்ற அதே வசனத்தில்தான், உண்ணுமாறும் பருகுமாறும் கூறி, அதில் வரம்பு மீறுவதை அல்லாஹ் தடுக்கின்றான். பள்ளிவாசலையும் உணவுத் தட்டையும் ஒரே வசனத்தில் அவன் வைத்திருக்க, நாம் இரண்டையும் பிரித்துவிட்டோம். ஹலாலா ஹராமா என்று கேட்பதோடு நம் பேணுதல் முடிந்துவிடுகிறது. அளவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அறிவித்து, திர்மிதீயில் இடம்பெற்றுள்ள ஹதீஸின் பொருள் என்ன? முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளங்கள் போதும். அதற்கு மேல் உண்டே தீரவேண்டுமெனில் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு. உணவின் நோக்கமே முதுகை நிமிர்த்துவது என்கிறது அந்த ஹதீஸ். நம் முதுகோ உணவாலேயே வளைந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கருஞ்சீரகம், தேன், ஸைத்தூன் எண்ணெய் ஆகியவற்றை நபிவழி மருத்துவம் என்று பாட்டில் பாட்டிலாக வாங்கி அடுக்குகிறோம். அவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிரியாணிக்குப் பின் ஒரு சிட்டிகை கருஞ்சீரகத்தை வாயில் போட்டுக்கொள்ளும் சுன்னத்து எளிதாக இருக்கிறது; மூன்றில் ஒரு பங்கோடு கையை எடுக்கும் சுன்னத்துதான் கசக்கிறது.

நோன்பு மாதத்தில் இது உச்சத்தை அடைகிறது. அரிசி, பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி சேர்த்துக் காய்ச்சும் நம் நோன்புக் கஞ்சி ஓர் அருமையான உணவு. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி என்று நோன்பு திறந்து மஃரிபைத் தொழுதால் வயிறும் நன்றி சொல்லும். நாமோ கஞ்சியைச் சுற்றி சமோசாவும் வடையும் பஜ்ஜியும் கட்லெட்டும் அடுக்கி, பலூடாவும் சர்பத்தும் ஊற்றுகிறோம். பிறகு தராவீஹில் மூச்சு வாங்குகிறது. (எத்தனை ரக்அத் என்ற விவாதத்தை இங்கே திறக்க வேண்டாம், எத்தனையானாலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது.) முப்பது நாள் பட்டினியிருந்தும் பெருநாளன்று எடை கூடி நிற்கும் சமுதாயத்தை வேறெங்கு காண முடியும்?

விளையாட்டாகப் பேசும் விஷயமன்று இது. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. அதன் வாசலில் நிற்போர் இன்னும் 13 கோடிக்கு மேல். நம் தெருக்களில் இன்சுலின் ஊசி இல்லாத குளிர்சாதனப் பெட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

உடற்பயிற்சி என்று பேச்செடுத்ததும் ஒரு பதில் தயாராக வரும்: ‘ஐவேளைத் தொழுகையைவிட என்ன உடற்பயிற்சி வேண்டும்?’ மேடைகளிலும் இது முழங்கப்படுகிறது. தொழுகை அல்லாஹ்வுக்கான வணக்கம். அதனால் உடல் மடங்கி நிமிர்வது உண்மை. பலன் இருப்பதும் உண்மை. ஆயினும் ஸஹாபாக்கள் தொழுததோடு நிற்கவில்லை. அவர்கள் அம்பெய்தார்கள், குதிரையேறினார்கள், தோட்டங்களுக்கு நீர் இறைத்தார்கள், பாலைவனத்தில் நடந்தார்கள். நாம் அவர்கள் வாழ்விலிருந்து தொழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதற்கு நாற்காலி போட்டுக்கொண்டோம். பள்ளிக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பாவம் அழிகிறது, ஒரு தகுதி உயர்கிறது என்ற நற்செய்தியைக் கேட்டு அழுதவர்களே முந்நூறு அடி தூரத்துக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறார்கள். மத்ரஸாக்களிலும் இதே கதைதான். அதிகாலை முதல் இஷா வரை தரையில் அமர்ந்து மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் கிடைக்கும் விளையாட்டு நேரம்தான், பாடம் மிஞ்சும்போது முதலில் வெட்டப்படுகிறது.

வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வேகமெடுக்கும் நடை போன்ற உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. இதற்கு ஜிம் சந்தா வேண்டாம், சத்து மாவு டப்பாவும் வேண்டாம். கண்ணாடி முன் நின்று தோளைப் படமெடுக்கும் இளைஞர்களின் மோகத்தையும் நாம் பரிந்துரைக்கவில்லை. வீடு போதும். நாற்காலிக்கு எதிராக நாற்காலியையே பயன்படுத்தலாம்: கைகளை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள், சற்று ஓய்ந்து மீண்டும் பத்து முறை. முழங்காலைத் தாங்கி நிற்பது தொடையின் முன்புறத் தசை. அது வலுப்பெற்றால் மூட்டு வலி குறையும். ஒரு கிலோ எடை இறங்கினால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் மூட்டு சுமக்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. சுவரில் கை ஊன்றித் தள்ளலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம், இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் நடக்கலாம். உணவுக்குப் பிந்தைய நடை இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கும். இதய நோயுள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

‘வீடு போதும்’ என்று நாம் சொல்லும்போது முதலில் நம் பெண்களையே மனத்தில் வைத்துச் சொல்கிறோம். ஆண்களுக்குக் கடற்கரை உண்டு, மைதானம் உண்டு, சாலை உண்டு. அவர்கள் போகாதது வேறு கதை. நம் பாட்டிமார்கள் கிணற்றில் நீர் இறைத்தார்கள், உரலில் மாவு இடித்தார்கள், அம்மியில் மசாலா அரைத்தார்கள். இன்று அந்த உழைப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நின்ற இடத்தில் நாள் முழுதும் நிற்கும் அடுப்படி மட்டும் பெண்ணிடம் மிஞ்சியது. ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்று அவளுக்குச் சொல்லும் கணவர், தான் மட்டும் மிச்சச் சோற்றை வீணாக்கக் கூடாது என்று அவள் தட்டில் சேர்வதைக் கவனிப்பதில்லை. மருமகள் மாடியில் வேகமாக நடந்தால் ‘பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஆட்டம்?’ என்று ஒரு குரல் கேட்கும். பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், பின்னொரு நாளில் அன்னையாரின் உடல் சதைபிடித்தபின் மீண்டும் ஓடியதையும் அபூதாவூதில் படிக்கும் சமுதாயத்தில் இப்படியொரு குரல் எழலாமா? உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் சொன்னதில் ஆணுடல், பெண்ணுடல் என்ற பிரிவு எங்கே இருக்கிறது?

பாட்டு ஒலிக்கும் பயிற்சிக் காணொளிகளைப் பார்க்க விருப்பமில்லை என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். ஒலியை அணைத்துவிடுங்கள், இசை இல்லாமலும் முழங்கால் மடங்கும். அவர்களுக்குத் தேவை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எவரும் கூப்பிடாத இருபது நிமிடம், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. அந்த நேரத்தில் கைக்குழந்தையை யார் தூக்கிக்கொள்வது, தேநீரை யார் போடுவது என்பதை இன்றிரவே அந்த வீட்டு ஆண்கள் பேசி முடிக்கட்டும்.