எர்த்தை யாருங்க அளக்கிறது?

வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவை நம்பி வெச்சது. ஆஸ்பத்திரியில அது போதும்னு நினைக்காதீங்க. இதயத்தோட நேரா இணையும் கருவியில ஒரு கோளாறு வந்தாலும், நோயாளி வழியா 50 மைக்ரோ ஆம்பியருக்கு மேல கசியக் கூடாதுன்னு ஐஇசி 60601 சொல்லுது. 600 மடங்கு குறைவு! காரணம், உள்ளே போன குழாய்க்குத் தோலோட தடை கிடையாது.

கசிவை மண்ணுக்குக் கொண்டுபோறது எர்த் வயர். நம்ம தூத்துக்குடி உப்பு மண் எர்த்துக்கு நல்லதுதான். ஆனா அதே உப்பு பைப்பையும் இணைப்பையும் அரிச்சிடும். எர்த் போனாலும் மெஷின் ஓடும். அளந்தாத்தான் தெரியும்.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி அரசு மருத்துவமனையையும் வெள்ளம் சூழ்ந்தது. வடிகாலைப் பத்திப் பேசினோம். எர்த்தைப் பத்தி எத்தனை பேர் கேட்டோம்?

என் கருத்து இதுதான்: ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும், வருஷம் ஒரு தடவையும் கசிவும் எர்த்தும் அளக்கணும். தேதியை மெஷின்லயே ஒட்டணும். அடுத்த தடவை ஆஸ்பத்திரி போனா அந்த ஸ்டிக்கரைத் தேடுங்க. இல்லைன்னா நர்ஸ் அக்காவைத் திட்டாதீங்க, நிர்வாகத்துக்கு எழுதுங்க.