குற்றம் டிரைவருடையது மட்டுந்தானா?

மோட்டார் விபத்து வழக்குகளைப் பார்த்துள்ள வக்கீல்கள் யாவருக்கும் ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்பதே அது. விபத்து மேலூரில் நடந்தாலும் திருமங்கலத்தில் நடந்தாலும், போலீஸாரின் முதல் தகவல் அறிக்கையில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். வழக்குத் தொடர அது போதுமானதாயிருக்கலாம். அடுத்த விபத்தைத் தடுக்க அது போதுமா என்பதே நமது கேள்வி.

மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ் நாட்டுக்கு: 64,105. இங்கே மாண்டவர்கள் 17,884 பேர். தேசமெங்கும் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அதே கணக்கு கூறுகிறது.

வேகம் ஆளைக் கொல்லும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் "அதிவேகம்" என்று எழுதியதும் விசாரணை முடிந்துவிட்டதாகக் கருதுவதையே ஆட்சேபிக்கிறோம். அந்த டிரைவர் எத்தனை மணி நேரம் கண் விழித்திருந்தார்? கிராமத்தார் நாற்கரச் சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்கு எரிந்ததா? எச்சரிக்கைப் பலகை கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா? மனிதன் பிழை செய்தான் என்பது பாதி உண்மை. பிழை செய்யும்படி அவனை இழுத்தது எது என்பதே மறு பாதி.

இந்த மறு பாதியைத் தேடும் வழியை ஆகாய விமானத் துறை காட்டியிருக்கிறது. 1974 டிசம்பர் 1-ந் தேதி அமெரிக்காவில் வாஷிங்டனை நெருங்கிய ஒரு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். தரையிலிருந்து வந்த அனுமதியைத் தவறாகப் பொருள்கொண்டு விமானிகள் முன்கூட்டியே கீழே இறங்கிவிட்டனர். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு கம்பெனியின் விமானிகள் அதே பிழையைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தனர். அவர்களுடைய கம்பெனி தன் ஆட்களை எச்சரித்தது. மற்றக் கம்பெனிகளுக்குச் செய்தி எட்டவில்லை. இந்தப் பாடத்தின் பலனாக 1976-ல் நாஸா ஸ்தாபனத்தின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு தோன்றியது. விமானிகளும் மற்ற ஊழியர்களும் தமது பிழைகளைத் தாமே எழுதி அனுப்பலாம். பெயர்கள் நீக்கப்பட்டு அவை பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. இதுவரை இருபது லட்சத்துக்கு மேல் வந்திருக்கின்றன. எழுத முன்வந்தவர்கள் மட்டுமே எழுதுவதால், பிழைகள் எத்தனை என்று அவற்றைக் கொண்டு எண்ண முடியாது. ஏன் நேர்கின்றன என்று அறிய முடியும்.

நம் மதுரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்டு 26-ந் தேதி விடியற்காலையில், லக்னோவிலிருந்து வந்து இங்கே நிறுத்தப்பட்டிருந்த யாத்திரீகர் ரயில் பெட்டி தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்ட காஸ் சிலிண்டரே காரணமாகக் கூறப்பட்டது. கொண்டுவந்தவர்கள் குற்றவாளிகளே. ஆனால் பல நாள் பிரயாணத்தில் வழியிலிருந்த ஊழியர் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லையா? பார்த்திருந்தால், பயமின்றித் தெரிவிக்க அவருக்கு ஓர் இடம் இருந்ததா? இக்கேள்விகளுக்கு விடை காணாதவரை அச்சாம்பல் நமக்கு எதையும் கற்பிக்காது.

சாலை விபத்துக்களைப் பதிய ஒரு நல்ல ஏற்பாடு இப்போது இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தகவல் தொகுப்பு, 2021-ல் தமிழ் நாடு உள்ளிட்ட ஆறு ராஜ்யங்களில் தொடங்கியது. போலீஸார் விபத்து நேர்ந்த இடத்திலிருந்தே விவரங்களைப் பதிகிறார்கள். சாலை இலாகா இஞ்சினீயர் வந்து சாலையின் நிலையைப் பதிகிறார். இதை வரவேற்கிறோம். எனினும் சாலையை அமைத்த இலாகாவே அதன் குறையையும் எழுதவேண்டியிருக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம், சாலை அமைப்பில் தவறுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சாலையின் குறை பொதுஜனங்களின் கண்ணுக்கு வராவிட்டால் அப்பிரிவு ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு விபத்தின் பதிவும் கலாசாலைகளும் பத்திரிகைகளும் கிராமச் சபைகளும் பார்க்கும்படி திறந்துவிடப்படவேண்டும். டிரைவரின் வேலை நேரமும் தூக்கமும் கேட்டுப் பதியப்படவேண்டும். தப்பிப் பிழைத்த ஆபத்துக்களை பஸ் டிரைவர்களும் ரயில்வே கேட் ஊழியர்களும் தண்டனைப் பயமின்றித் தெரிவிக்க வழி வேண்டும்.

இது குற்றவாளிகளைத் தப்பவிடுவதாகும் என்று சிலர் சொல்லக்கூடும். குடித்துவிட்டு ஓட்டியவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும். அது கோர்ட்டின் வேலை. கற்றுக்கொள்வது தேசத்தின் வேலை. ஒன்று மற்றொன்றுக்கு விரோதமன்று. அந்தப் பதிவுகள் ஜனங்களின் உயிரை விலையாகக் கொடுத்து எழுதப்பட்டவை. அவை இலாகாக்களின் சொத்தல்ல, ஜனங்களின் சொத்து.