கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கொங்குச் சமையலறையில் என்ன இருக்கு?

கோவையில் ஒரு பிள்ளைக்குக் கோதுமையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "அது வடக்கத்திக்காரங்களுக்கு வர்றதாச்சேங்க?" என்றுதான். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். இது சிலருடைய சிறுகுடலின் உட்சுவரைக் கெடுத்துவிடும். அந்த நோயின் பெயர் சீலியாக். 2016-ல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி' இதழில் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில் 23,331 பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பணுக்கள் வடக்கே 1.23 சதவிகிதம் பேரிடம் இருந்தன. தெற்கே 0.10 சதவிகிதம்தான்.

ஆனால், இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 சதவிகிதம் பேரிடம் இருந்தது என்றால், தெற்கேயும் 36.4 சதவிகிதம் பேரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். அதாவது, ஏறக்குறைய ஒரு சப்பாத்திக்கான மாவு.

சர்க்கரை நோய்க்குப் பயந்து ராத்திரிக்குச் சப்பாத்தி, பள்ளி விட்டு வந்ததும் பேக்கரி பப்ஸ், ஞாயிற்றுக்கிழமை புரோட்டா என்று மாறிவிட்ட கோவை வீடுகளில் அந்த 25 கிராம் ஒரே வேளையில் தீர்ந்துவிடும்.

டெஸ்ட்டுக்கு முன் நிறுத்தாதீங்க!

வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமை, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை கொடுத்தாலும் தீராத ரத்தசோகை... இவையெல்லாம் சீலியாக்கின் அடையாளங்களாக இருக்கலாம். வேறு பல நோய்களிலும் இவை வரும் என்பதால்தான் இங்கே சந்தேகம் சீக்கிரம் எழுவதில்லை.

ஆர்வக்கோளாறில் பலரும் செய்யும் காரியம், "எதுக்கும் ஒரு மாசம் கோதுமையை நிறுத்திப் பார்ப்போம்" என்பது. ரத்தத்தில் பார்க்கும் டி.டி.ஜி பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலில் எடுக்கும் பயாப்சியும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் 'ஒன்றுமில்லை' என்று தவறாக வரலாம். அதை நம்பிப் பழையபடி பன்னும் பிஸ்கட்டும் கொடுத்தால், குடல் கெட்டுக்கொண்டே போகும்.

கோதுமை அலர்ஜி வேறு. சீலியாக் இல்லாமலேயே குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் போவது இன்னொன்று. மூன்றுக்கும் கட்டுப்பாடு ஒரே அளவு கிடையாது. சீலியாக் என்றால் ஆயுள் முழுக்க, ஒரு துணுக்குகூட இல்லாமல். அதனால் எது என்பதைத் தெரிந்துகொண்டு சமையலறைக்குள் போவதுதான் புத்திசாலித்தனம்.

களி இருக்கு... கடுகு தாளிக்கும்போதுதான் சிக்கல்

கொங்கு நாட்டுச் சமையலில் பாதிக்கு மேல் குளூட்டனே கிடையாது. அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை, ராகிக் களி, கம்மங்கூழ், சோளச்சோறு, கொள்ளுப் பருப்பு, அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த கச்சாயம். வெளிநாட்டில் இதே நோயுள்ள பிள்ளையின் அம்மா தனிக் கடை தேடி அலைய வேண்டியிருக்கும். இங்கே அம்மாயி வீட்டுக்குப் போனால் போதும்.

ஆனால், கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள் நாம் நினைக்காதவை. முதலாவது, பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு கலந்ததையோ கலப்பில்லாததையோ வாங்க வேண்டும். மால்ட் சேர்த்த சத்துப் பானங்களில் பார்லி இருக்கும். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதே சிலருக்கு அப்போதுதான் உறைக்கும். நம்மூர் ரோட்டுக்கடை காளான் இருக்கிறதே, பேரில்தான் காளான். உள்ளே முட்டைக்கோஸும் மைதாவும். போதாததற்கு சோயா சாஸ் வேறு, அதிலும் கோதுமை இருக்கும்.

அடுத்தது மாவு மில். கல்லில் முன்னால் போனவருடைய கோதுமை ஒட்டியிருக்கும். பின்னால் போகிற நம் ராகியில் அது கலந்து வந்துவிடும். "மொதல்ல ஒரு கிலோ அரிசி ஓட்டிட்டு அரைச்சுத் தர்றேனுங்க" என்று மில்காரர் அன்பாகச் சொன்னாலும் அதை நம்ப முடியாது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, 'குளூட்டன் ஃப்ரீ' என்று போடும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான் குளூட்டன் இருக்கலாம். மில் தூசி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கி, கழுவி, காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துத் தனிச் சல்லடையில் சலிப்பதுதான் வழி. வேலை அதிகம்தான். வாரத்துக்கு ஒரு முறை, வீட்டில் இன்னொருவரும் கை கொடுத்தால் முடியும். அம்மா மட்டும் செய்தால் மூன்றாவது வாரமே சலித்துப்போகும்.

தோசைக்கல், கரண்டி, வெட் கிரைண்டரில் மாட்டும் மாவு பிசையும் கருவி ஆகியவற்றையும் கவனியுங்கள். சப்பாத்தி போட்ட கல்லில் அந்தப் பிள்ளைக்குத் தோசை ஊற்றக் கூடாது.

பிறந்தநாளுக்கு கேக் வேண்டாமா?

கேக்கும் பிரெட்டும் எழும்பி நிற்பது குளூட்டனால்தான். மாவில் வலைபோல் பின்னிக்கொண்டு, பேக்கிங் பவுடரோ ஈஸ்ட்டோ உண்டாக்கும் காற்றைப் பிடித்து வைப்பது அது. அந்த வலை இல்லாவிட்டால் கேக் உதிர்ந்துபோகும். அதனால், பிடித்து வைக்க வேறு ஆள் தேவை. மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் இசப்கோல் அந்த வேலையைச் செய்யும். முட்டையும் செய்யும். மூன்றாவது, மரவள்ளி ஸ்டார்ச். வெளிநாட்டு கேக் குறிப்புகளில் 'டேப்பியோக்கா' என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதன் உறவுக்காரர்தான் நம் சேலம் ஜவ்வரிசி. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

ஒரு கப் ராகி மாவு, அரை கப் அரிசி மாவு, நைசாக அரைத்துச் சலித்த ஜவ்வரிசி கால் கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், இசப்கோல் ஒரு டீஸ்பூன். இவற்றைக் கலந்துவைத்து, இன்னொரு பாத்திரத்தில் மூன்று முட்டை, முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை, அரை கப் எண்ணெய், அரை கப் தயிர், நன்றாகக் கனிந்த பூவன் பழம் மூன்று என அடித்துக்கொள்ளவும். இரண்டையும் சேர்த்து 20 நிமிடம் அப்படியே விடவும். இதை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். ராகி ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும், அவசரப்பட்டால் நறநறக்கும். 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். முழுக்க ஆறும் முன் வெட்டினால் பொடியாகிவிடும். கறுப்பாக இருக்கிறதே என்று பிள்ளை முகம் சுளித்தால், 'சாக்லேட்' என்று சொல்லி இரண்டு ஸ்பூன் கோகோ சேர்த்துவிடலாம்.

வீட்டில் எல்லோருக்கும் அதே கேக்கைக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனி கேக், மற்றவர்களுக்கு பேக்கரி கேக் என்றால் அது வேறு மாதிரி வலி.

கல்யாண வீடுதான் மிகக் கடினம். இலையில் ஒப்பிட்டு வைப்பார்கள், அதன் மேல்மாவு மைதா. பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா, "ஒரே ஒரு வாய் தின்னு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று ஊட்டப் பார்ப்பார். பாசம்தான், கோபித்துக்கொள்ள முடியாது. "இதைத் தின்னா கொடல் புண்ணாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க பெரியம்மா" என்று பிள்ளையே சொல்லப் பழக்கிவிடலாம். அதே பதிலை அப்பாவும் தாத்தாவும் தடுமாறாமல் சொல்ல வேண்டும். மண்டபத்துக்குக் கிளம்பும்போது ஒரு சம்புடத்தில் கச்சாயம் நாலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு டீச்சரிடமும் ஒரு டப்பா கொடுத்து வைத்தால், யாராவது பிறந்தநாள் கேக் கொண்டுவரும் அன்றைக்கு உதவும்.