மலர்ப் பள்ளத்தாக்கு

இந்தியாவின் கார்வால் இமயத்தில், 1931ஆம் ஆண்டு காமெத் சிகரமேறி மீண்ட ஆங்கிலேயர் பிராங் சிமைத், வழியிலே பூக்கள் நிறைந்த பள்ளத்தாக்கொன்றைக் கண்டு வியந்தார். 'மலர்ப் பள்ளத்தாக்கு' என அவரிட்ட பெயரே நிலைத்தது. 1982இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

ஆடி, ஆவணியிற் பூக்காணச் செல்வோர் காங்கரியா என்னும் சிற்றூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் செல்வர். அந்திக்குள் மீளல் வேண்டும். இரவில் தங்க அனுமதியில்லை. ஆட்டு மந்தைகளின் மேய்ச்சலும் தடுக்கப்பட்டது.

ஆயினும், மந்தைகள் நீங்கியபின் ஆளுயரச் செடியொன்று பல்கிச் சிறுமலர்களை மறைக்கலாயிற்று. மேய்ச்சல் நின்றமையே காரணமென்பார் பலர், அன்றென்பாரும் உளர். அதனை ஆட்களைக் கொண்டு பிடுங்குவிக்கவும் நேர்ந்தது.

மனிதர் விலகிநின்றால் இயற்கை தானே தழைக்குமென நாம் எண்ணிவிடலாகாது. இடையறாது பேணுவாரும் வேண்டுமென்பதை மாணவர் உளங்கொள்வாராக.