அப்பாவின் மோட்டாரும் ஐந்தாம் படியும்



நாளைக் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதை வாங்க எத்தனை மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருப்பீர்கள்! வேலைக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான், நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். அதனால்தான் காலாகாலத்தில் எஞ்சின் எண்ணெயை மாற்றுகிறோம். சங்கிலிக்கு எண்ணெய் விடுகிறோம். ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போடுகிறோம். ஆனால் நம் முதுகெலும்பைத் தாங்கிக்கொண்டு ஓடும் அப்சார்பர்களை எப்போதாவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

'அதிர்வு தாங்கி' என்று அழகாகத் தமிழில் எழுதலாம். பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆகவே, நாமும் அப்சார்பர் என்றே சொல்லிக்கொள்வோம்.

"ரோடு மோசம், அதனால்தான் தூக்கிப் போடுகிறது, முதுகு வலிக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்துச் செம்மண் சாலையை நாம் சீர்ப்படுத்த முடியாது, உண்மைதான். வண்டியைச் சீர்ப்படுத்தலாம் அல்லவா? அதற்கு முன், இந்தப் பாடத்தை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்வது நியாயமாகாது.

1983ஆம் ஆண்டு. சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா இருவருமே பால்வெட்டு. நான் பட்டணத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்து வேலை பழகிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் பழைய 70 சி.சி. ஹோண்டா ஒன்று இருந்தது. பால் எடுத்த பிறகு இரண்டு தகரம் நிறைய ஊற்றிப் பின்னால் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் கொட்டகைக்குக் கொண்டு வருவார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'டக்'கென்று அடிமட்டம் தட்டும்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல், என் சம்பளத்தில் படி வைத்த அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். அதில் ஐந்து படிகள். பாரம் அதிகம் என்று நினைத்து, இரண்டு பக்கமும் ஐந்தாம் படிக்கு ஏற்றிவிட்டேன். மறுநாள் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "தட்டவே இல்லடா! பால் ஒரு சொட்டுக்கூடத் தளும்பல!" என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு மழை நாள். அப்பா கொட்டகையில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் தகரத்தோடு வீட்டுக்குத் திரும்பினார். மதகுக்கு முன்னால் ஒரு வளைவு. லோரிகள் ஓடி ஓடி அந்த இடத்தில் மண் தகரக் கூரைபோல் அலை அலையாகக் கிடக்கும். அவர் வேகமாகவும் வரவில்லை. வளைவில் பின்சக்கரம் தத்தித் தத்தி வெளிப்பக்கம் போனது, விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பால்வெட்டுகிறவருக்கு மணிக்கட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதம் அம்மா ஒருவர் பேரில்தான் அடுப்பு எரிந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மழை, மண்ணு வழுக்கிடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வந்தேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் அண்ணன் பின்சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. "ஏண்டா தம்பி, பாலு ஏத்தும்போது சரி. பாலை ஊத்திட்டுச் சும்மா வரும்போது இதை அமுக்க ஆள் ஏது?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாரம் இறங்கிவிட்டது, படி இறங்கவில்லை. வழுக்கியது மண் மட்டுமல்ல.

சக்கரம் தரையில் இருக்க வேண்டும்

அப்சார்பரின் வேலை நம்மைச் சொகுசாக வைப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பது. மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற வேண்டும். பள்ளம் வந்தால் உடனே கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, வளைவில் பிடிமானமும் இல்லை. ஆகவே, 'கட்டியாக இருந்தால் பலம்' என்பது தவறு. முதுகுக்கு நல்லதும் உயிருக்கு நல்லதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அப்சார்பருக்குள் இரண்டு சங்கதிகள் உண்டு. வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், சிறு துளைகள் வழியாகப் புகுந்து போய், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் போய்விட்டால் ஸ்பிரிங் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிதான்.

படியைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று அன்று நான் நினைத்தேன். அதுவும் தவறு. கொட்டகையில் தொங்கும் ஸ்பிரிங் தராசை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிலோவுக்கும் முள் இவ்வளவு தூரம்தான் இறங்கும். முள் தொடங்கும் இடத்தை மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. படியும் அப்படித்தான். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறது, அவ்வளவே. அந்த முன் அழுத்தம் ஏறிய பாரத்தைவிட அதிகமானால், ஸ்பிரிங் இறங்கவே இறங்காது. வண்டி முழு உயரத்தில் நிற்கும். பள்ளம் வந்தால் சக்கரம் இன்னும் கீழே இறங்க இடமிருக்காது. அப்பாவின் வண்டிக்கு நடந்தது அதுதான்.

முதலில் காற்று

ஸ்பேனரை எடுக்கும் முன் டயரின் காற்றைப் பாருங்கள். பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும். காலையில், ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பல வண்டிகளில் சங்கிலி மூடியிலும் ஒட்டியிருப்பார்கள். இருவர் ஏறினால் பின்டயருக்குத் தனி அளவு உண்டு. காற்று அதிகமானால் சிறு கல்லும் இடுப்பில் குத்தும். குறைந்தால் வண்டி வளைவில் நெளியும். பள்ளத்தில் ரிம் அடிபடும்.

மூன்று அளவு

இப்போது மனைவியையும் மூத்த பிள்ளையையும் துணைக்குக் கூப்பிடுங்கள். தையல் நாடா ஒன்று போதும். பின்சக்கர அச்சாணிக்கு நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஓர் இடத்தில் அடையாளத்துக்குச் சிறு துண்டு டேப் ஒட்டுங்கள். அச்சாணியின் நடுவிலிருந்து அந்த அடையாளம் வரை அளக்க வேண்டும்.

முதல் அளவு: நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது.

இரண்டாம் அளவு: ஸ்டாண்டிலிருந்து இறக்கி, யாரும் ஏறாமல் நேராகப் பிடித்திருக்கும்போது.

மூன்றாம் அளவு: வேலைக்குப் போகும் உடை, பூட்ஸ், சாமான் எல்லாவற்றோடும் நீங்கள் ஏறி அமர்ந்த பிறகு. ஒருவர் வண்டியைப் பிடிக்க, மற்றவர் அளக்கட்டும். அளக்கும் முன் இரண்டு மூன்று முறை ஆட்டி நிலைக்கு வர விடுங்கள்.

முதல் அளவிலிருந்து மூன்றாம் அளவைக் கழியுங்கள். அதுதான் உங்கள் பாரத்துக்கு வண்டி இறங்கிய தூரம். சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் இது காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குக்குள் இருப்பது நல்லது. மொத்தம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 முதல் 27 மில்லிமீட்டர் வரை. உதாரணமாக, முதல் அளவு 400, மூன்றாம் அளவு 376 என்றால், வித்தியாசம் 24. பொருத்தமான அளவு. 20க்குக் குறைந்தால் ஒரு படி இறக்குங்கள். 27க்கு மிஞ்சினால் ஒரு படி ஏற்றுங்கள். முதல் அளவும் இரண்டாம் அளவும் ஒன்றாகவே இருந்தால், முன் அழுத்தம் அதிகம் என்று பொருள். கடைசிப் படிக்கு ஏற்றியும் வண்டி இறங்கிக்கொண்டே போனால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது உங்கள் பாரத்துக்கு அது போதாது. ஜோடியாக மாற்ற வேண்டியதுதான்.

படியைத் திருப்பக் கொக்கி ஸ்பேனர் வேண்டும். உளியும் சுத்தியலும் வேண்டாம். வளையம் வாய் பிளந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். திருப்பிய பிறகு சங்கிலியின் தொய்வைச் சரிபாருங்கள். பாரம் ஏறினால் முன்விளக்கின் வெளிச்சம் மேலே போய் எதிரே வருபவர் கண்ணைக் கூசும்; அதையும் கவனியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது: தனியாகப் போக ஒரு படி, மனைவி பிள்ளையோடு போக ஒரு படி என்று இரண்டையும் அளந்து, வீட்டுக் காலண்டரின் பின்புறம் எழுதி மாட்டுங்கள். பாரம் மாறினால் படியும் மாற வேண்டும். இரண்டு நிமிட வேலை.

பல வண்டிகளில் இந்தப் படி இருக்காது. அவர்கள் காற்றைச் சரியாக வைத்து, பாரத்தைக் கூடுமானவரை தாழ்வாகவும் முன்னால் தள்ளியும் கட்டினாலே நல்ல மாற்றம் தெரியும்.

எண்ணெய் போனதா?

பின்சீட்டைப் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை துள்ளினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. தண்டில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்தாலும் அதே கதைதான். இதற்குப் படியை ஏற்றுவது மருந்தல்ல. பழைய அப்சார்பரை வீட்டில் பிரிக்காதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் கையை உடைக்கும். சிலவற்றில் அழுத்தமான வாயுவும் இருக்கும்; தப்பித்தவறியும் நெருப்பில் போடக் கூடாது.

முன்பக்கம் குழாய் வகை என்றால், இரண்டு காலிலும் ஒரே அளவு எண்ணெய் இருக்க வேண்டும். பழையதாகிவிட்டால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு 'குப்'பென்று குத்தும். அளவு, ரகம் இரண்டும் புத்தகத்தில் சொன்னபடி இருக்கட்டும். அதிகம் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடமின்றி, இறுகி, சீல் கிழியும். எண்ணெய் கசிந்து பிரேக்கில் பட்டால் ஆபத்து.

பழைய ஹோண்டா கப் வண்டியில் முன்பக்கம் வேறு மாதிரி. சிறு கைகள் சக்கரத்தைத் தாங்கும். முன்பிரேக் பிடித்தால் மூக்கு இறங்காமல் மேலே எழும்பும். அது அதன் பிறவிக் குணம், பழுதல்ல. ஆனால் அந்தக் கைகளின் புஷ் தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். பின்சக்கரத்தையும் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டொக்'கென்று சத்தம் கேட்டால் கழுத்து பேரிங் தளர்ந்திருக்கிறது. இவற்றைச் சரி செய்யாமல் படியை மட்டும் திருப்புவது, ஓட்டைத் தகரத்தில் பால் ஊற்றுகிற மாதிரி.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

வண்டி தாழ்வாக இருந்தால் அழகு என்று சில பிள்ளைகள் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி எடுக்கிறார்கள். சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். சக்கரம் ஏறி இறங்கும் தூரமும் குறையும். இரண்டும் சேர்ந்து வளைவில் வண்டியைத் தூக்கி எறியும். தம்பிகளே, வேண்டாம். நடுவில் ஒற்றை அப்சார்பர் வைத்த 150 சி.சி. வண்டி வைத்திருப்பவர்களும், எதைத் திருகினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தெரிந்த சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, எழுதி வையுங்கள்.

அப்பா பிறகு பல ஆண்டுகள் பால் வெட்டினார். மழை வருவதற்கு முன்பே அந்த மணிக்கட்டு அவருக்குச் சொல்லிவிடும். தடவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார். அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார். இன்று அவர் இல்லை. அந்தத் தோட்டமும் செம்பனைக்கு மாறிவிட்டது. ஆனால் யார் வண்டியைத் தொட்டாலும், "இதில் என்ன பாரம் ஏறும், எப்போது இறங்கும்?" என்று கேட்ட பிறகே நான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி அந்த மூன்று அளவையும் எடுத்துவிடுங்கள். பின்னால் உட்காருவது உங்கள் பிள்ளைதானே?

அடுத்த இதழில் பிரேக் பற்றிப் பேசுவோம். பத்திரமாகப் போய் வாருங்கள். வணக்கம்.