நம் சுவருக்கு நம் கோடுகள்

மாணவர்களே, ஒரு கட்டட வரைபடத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் சுவர் என்பது வெறும் இரண்டு கோடுகள் அல்ல. அதனுள்ளே சாய்ந்த கோடுகளோ, புள்ளிகளோ, செங்கல் அடுக்குகளோ நிரப்பப்பட்டிருக்கும். இது செங்கல், இது கான்கிரீட், இது மண் என்று அவை எழுத்தே இல்லாமல் சொல்லிவிடும். வரைபட மென்பொருளில் இதற்கு 'ஹேட்ச்' என்று பெயர். நாம் நிரப்பு வடிவம் என்று சொல்லலாம்.

பொறியியல் வரைபடப் பாடம் எடுக்கும் மாணவர்களில் பலர், மென்பொருள் தரும் பட்டியலைத் திறந்து, கண்ணில் பட்ட செங்கல் வடிவத்தைச் சொடுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. ஒரு நிரப்பு வடிவத்தையாவது நீங்களே அளந்து, நீங்களே எழுத வேண்டும். அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம் கணக்கு. ஆட்டோகேட் மென்பொருளை அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. அதனோடு வரும் வழக்கமான செங்கல் வடிவம் அமெரிக்கச் செங்கலின் அளவில் அமைந்தது. சாந்தையும் சேர்த்து ஒரு கல்லின் நீளம் 8 அங்குலம், அதாவது சுமார் 203 மி.மீ.; ஒரு வரியின் உயரம் சுமார் 67.7 மி.மீ. பிரிட்டிஷ் அளவை ஒட்டி இங்கு வழங்கும் செங்கலோ 215 மி.மீ. நீளமும் 65 மி.மீ. உயரமும் கொண்டது. 10 மி.மீ. சாந்தைச் சேர்த்தால் 225, 75 என்று வரும்.

சிறு வேறுபாடுதானே என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் உயரச் சுவரில் நம் செங்கல் சரியாக 40 வரி வரும். மென்பொருளின் வடிவமோ 44 வரிக்கு மேல் காட்டும். 1,200 மி.மீ. உயரமுள்ள ஒரு ஜன்னல், நம் செங்கலில் சரியாக 16 வரிக்குள் அடங்கும். ஒரு கல்லையும் வெட்ட வேண்டாம். திரையில் உள்ள வடிவத்திலோ அது 17.7 வரி. அதை நம்பி ஜன்னலை மேலும் கீழும் நகர்த்தினால், கொத்தனார் வரிசை வரிசையாகக் கல் உடைக்க வேண்டியதுதான். அரைச் செங்கல் தடிமனுள்ள 20 சதுர மீட்டர் சுவருக்கு நம் அளவில் ஏறக்குறைய 1,185 கற்கள் போதும். திரையில் தெரிவதை எண்ணினால் 1,450-க்கு மேல் வரும்.

இதைச் சரிசெய்வது கடினமா? இல்லை. நிரப்பு வடிவம் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். முதல் வரியில் ஒரு நட்சத்திரக் குறி, அதை ஒட்டி வடிவத்தின் பெயர். அடுத்து எண்கள் மட்டுமே. நம் செங்கல் சுவருக்கு இரண்டே வரி போதும்:

0, 0,0, 0,75
90, 0,0, 75,112.5, 75,-75

ஒவ்வொரு வரியிலும் முதல் எண் கோட்டின் கோணம். அடுத்த இரண்டும் கோடு தொடங்கும் புள்ளி. நான்காவது எண், அடுத்த கோடு தன் திசையிலேயே எவ்வளவு நகர வேண்டும் என்பது. ஐந்தாவது, பக்கத்தில் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பது. அதற்குப் பின் எண்கள் இருந்தால், நேர் எண் 'வரை' என்றும் குறை எண் 'இடைவெளி விடு' என்றும் பொருள்படும். முதல் வரி 75 மி.மீ.க்கு ஒரு படுக்கைக் கோடு போடுகிறது. இரண்டாம் வரி நிற்கும் கோடுகளை 112.5 மி.மீ. தள்ளித் தள்ளி, ஒன்றுவிட்ட வரியில் போடுகிறது. ஒரு கல்லின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த கல்லின் நடுப்பகுதி வந்துவிடும். சுவரின் வலிமையே அதில்தான் இருக்கிறது.

கோப்பின் பெயரும் வடிவத்தின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கடைசி வரிக்குப் பின் ஒருமுறை 'என்டர்' தட்ட மறக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபிரீகேட் மென்பொருளும் இவ்வகைக் கோப்பைப் படிக்கும். பணம் ஒரு தடையில்லை.

இரண்டாவது காரணம் நம் நினைவு. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்ட வாழ்க்கையின் கதை உண்டு. பலகைச் சுவர், தகரக் கூரை, அதற்கு முந்திய அத்தாப்புக் கூரை இவற்றின் கீழ்தான் உங்கள் தாத்தா பாட்டி பலர் வாழ்ந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகளும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. மென்பொருளின் பட்டியலில் அமெரிக்க மரச்சில்லுக் கூரைக்கு ஒரு வடிவம் உண்டு. அத்தாப்புக்கு இல்லை.

அமெரிக்காவில் 1933-இல், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டே பழைய கட்டடங்களை அளந்து வரையும் திட்டம் தொடங்கியது. அந்த வரைபடங்கள் இன்றும் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. நம் நாட்டில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காலாம் மையம், மாணவர்கள் அளந்து வரைந்த மலாய் மரபு வீடுகளின் வரைபடங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. லயன் வீட்டையும் அப்படி அளப்பதற்கு யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

"இணையத்தில் ஆயத்த வடிவங்கள் ஆயிரம் கிடைக்கின்றனவே" என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கின்றன. ஆனால், இறக்கிய வடிவத்தின் அளவு எந்த ஊர் அளவு என்பதை யார் சோதிப்பது? ஒருமுறை தானே எழுதியவருக்குத்தான் மற்றவர் எழுதியதைச் சோதிக்கத் தெரியும். இன்னொன்று, இந்தக் கோப்பு நேர்க்கோட்டை மட்டுமே அறியும், வளைவை அறியாது. ஓட்டுக் கூரையின் வளைவைச் சிறு சிறு நேர்க்கோடுகளாகத்தான் உடைத்து எழுத வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அப்போது முடிவு செய்வீர்கள். அந்த முடிவை எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லித் தராது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடச் செயல்திட்டத்தில், மாணவர் தாமே அளந்து எழுதிய ஒரு நிரப்பு வடிவத்துக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

மாணவர்களே, எளியதிலிருந்து தொடங்குங்கள். வளைவுத் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் வழக்கமான இடைவெளி 76 மி.மீ. அதற்கு ஒரே வரி போதும்: 90, 0,0, 0,76. அடுத்து ஒரு பலகைச் சுவர். தோட்டத்தில் உறவினர் வீடு இன்னும் நின்றால், இந்த வாரக் கடைசியில் அளவுநாடாவோடு போய் வாருங்கள். பலகையின் அகலத்தைக் குறித்துக்கொள்ளும்போது, அதை அறைந்தவர் யார் என்றும் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.