தனியொருத்தியாகப் பரண் போடுதல்

மட்டக்களப்பில் 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குப் பரணின் அருமை புரியும். எங்கள் குசினியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. நெல் மூட்டை இரண்டும் முளைத்துப்போயின. மகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கூழாகிவிட்டது. அதற்கு நான்கு மாதம் முன்பே ஓடாவியாரிடம் பரண் போடச் சொல்லியிருந்தேன். "உதவிக்கு இன்னொரு ஆள் வேணும் பிள்ளை" என்று தள்ளிக்கொண்டே போனார். அடுத்த மாரிக்கு முன் நானே போட்டேன். வீட்டில் ஆண்துணை இல்லாத வாசகிகளுக்காக அந்த வேலையை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குசினி ஏழு அடி அகலம். இரண்டு சுவரிலும் ஒவ்வொரு தாங்குமரம் பூட்டி, அவற்றின் மேல் குறுக்கு மரங்களை அடுக்க வேண்டும். எல்லாம் 4க்கு 2 அங்குல மரம். குறுக்கு மரத்தைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்த வேண்டும். ஒரே மரந்தான், ஆனால் நிறுத்தி வைத்தால் இரண்டு மடங்கு பாரம் தாங்கும்.

மட்டம் பார்க்க இரசமட்டம் தேவையில்லை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி போகவிட்டு, ஒரு முனையை ஒரு சுவரில் கட்டுங்கள். மறுமுனையை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனால் இரண்டு இடத்திலும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றுதான்.

தனியாகச் செய்பவருக்குக் கஷ்டம் மரத்தைப் பிடித்திருப்பதுதான். முதல் தடவை தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு துளைக்கப் பார்த்தேன். மரம் நழுவித் தோளில் விழுந்தது. ஒரு கிழமை கையைத் தூக்க முடியவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. கோட்டுக்குக் கீழே சுவரில் இரண்டு சிறு கட்டைகளை ஆணியால் அறைந்தேன். 'டீ' வடிவில் ஒரு முட்டுக்கம்பும் செய்து நிலத்திலிருந்து கொடுத்தேன். மரம் தானாக நின்றது.

தாங்குமரத்தில் இரண்டடிக்கு ஒன்றாக நிலத்தில் வைத்தே துளை போட்டுவிடுங்கள். மேலே நின்றதும் அதே துளைகளின் வழியே சுவரைத் துளைக்கலாம். எங்கள் சுவர் பொந்துள்ள சீமெந்துக் கல். அதில் பிளக் ஆணி பாரத்துக்கு நிற்காது. ஆகவே போல்ட்டை வெளிப்பக்கமிருந்து அகலமான வாஷரோடு ஊடே விட்டு, உள்ளே நட்டு இறுக்கினேன். வெளியே போல்ட் தலை சுற்றாதிருக்க ஆள் வேண்டுமே? ஸ்பனரைத் தலையில் மாட்டிக் கயிற்றால் கட்டி, அதன் பிடி சுவரில் அடித்த ஓர் ஆணியில் முட்டும்படி விட்டேன். உள்ளே திருகத் திருக அது அசையவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது.

குறுக்கு மரங்களைச் சுவருக்குச் சுவர் அளவைவிட அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் திருப்பி உள்ளே விட முடியாது. ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிறு கூனல் இருக்கும். அது மேலே இருக்கட்டும், பாரம் ஏற நேராகும். மரத்தின் இரு முனைகளிலும் சாய்வாக ஆணியைப் பாதிவரை நிலத்திலேயே அடித்துவைத்தால் ஏணியில் ஒரு கை போதும்.

ஏற்றுவதற்குக் கூரை வளையில் கயிற்று வளையம் ஒன்று தொங்கவிடுங்கள். ஒரு முனையை அதில் நுழைத்துவிட்டு மறுமுனையைத் தாங்குமரத்தில் வையுங்கள். பின்பு ஏணியை நகர்த்திக் கயிற்று முனையை எடுத்து வைக்கலாம். இடைவெளிக்கு ஒவ்வொரு தடவையும் அளவுநாடா எடுக்காமல் 14 அங்குலத் தடியொன்று வெட்டி இடையில் வைத்துக்கொண்டே போங்கள். நடுவில் இடைக்கட்டைகள் அடித்தால் மரங்கள் சரியா.

ஏணியை உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளிச் சாய்த்து, மேல் முனையைக் கட்டிவிட்டு ஏறுங்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுங்கள். சுத்தியலும் ஆணியும் துணிப்பையில் தோளில் தொங்கட்டும். வேலை தொடங்குமுன் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.

எனக்கு மூன்று நாள் எடுத்தது. நெல் மூட்டைகளைச் சுவரோரமாகவே வைக்கிறேன், நடுவில் வைப்பது பாத்திரங்களும் பத்திரங்கள் உள்ள தகரப் பெட்டியும். ஓடாவியார் வந்து பார்த்துவிட்டு ஸ்பனர் விசயத்தை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.